முதல் கடற்கரைத் தூண்டில் கோல்: 3,000 ராண்டுக்குள் எதை வாங்கலாம்? (டர்பன்)

புதுத்தூண்டில் (உம்லங்கா)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்து, ஏரி மீனையும் வாய்க்கால் மீனையும் தவிர வேறெதையும் தூண்டிலில் பார்த்திராத நான், வேலை நிமித்தமாகக் குடும்பத்துடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியேறியிருக்கிறேன். குளிர்காலத்தில் ஷாட் மீன் கரையோரம் வரத் தொடங்குவதற்குள் கடற்கரையிலிருந்து வீசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கோலும் ரீலும் சேர்த்து 3,000 ராண்டுக்கு மேல் செலவிட இப்போது வழியில்லை.

கடையில் விசாரித்தபோது, கடற்கரைக்கு 14 அடிக் கோல் இல்லாமல் போகவே கூடாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பேரங்காடியில் மடக்கு ஏணியைப் போல உள்ளே செருகிக்கொள்ளும் கோல் ஒன்று ரீலுடன் சேர்த்து மிக மலிவாகக் கிடைக்கிறது. இவை தவிர, என் அலுவலகத்தில் பணிபுரியும் ஆங்கிலேயர் ஒருவர் நாடு திரும்பவிருப்பதால், அவர் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த பழைய 'பீச்காஸ்டர்' (கடற்கரையிலிருந்து வீசும்) கோலை 600 ராண்டுக்குத் தருவதாகக் கூறுகிறார். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்; வண்டி சிறியது; போக நினைக்கும் இடங்கள் உம்ட்லோட்டியும், உம்கேனி ஆற்று முகத்திலுள்ள புளூ லகூனும். மூன்றில் எதை எடுப்பது, அல்லது மூன்றையும் விட்டுவிடுவதா என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தென்கரை முதியவர் (ஐசிப்பிங்கோ)

வாருங்கள் தம்பி. முதலில் அந்தப் 14 அடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டர்பனில் புதிதாகக் கோல் வாங்குபவர்களை அதிகம் அலைக்கழிப்பது அந்த எண்தான். கோல் நீளமாக இருந்தால் தூரம் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நெம்புகோலின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்றாலும், அந்த நெம்புகோலை வேகமாகச் சுழற்றும் வலிமையும் பழக்கமும் கையில் இருந்தால்தான் நீளம் தூரமாக மாறும். இல்லாவிட்டால் 14 அடிக் கோலை மெதுவாக இழுத்து வீசுபவருக்கு 12 அடிக் கோலை விரைவாக வீசுபவரைக் காட்டிலும் ஈயம் (தூண்டிலில் கட்டும் எடைக்குண்டு) முன்னதாகவே விழுந்துவிடும்.

அடுத்தது கரையின் அமைப்பு. உம்ட்லோட்டி, லா மெர்சி, வெஸ்ட்புரூக் ஆகிய வடகரை இடங்களில் மணல் பருமனானது. கரை செங்குத்தாக இறங்குகிறது. பாறைகளுக்கும் மணல் திட்டுக்கும் இடையில் ஆழமான பள்ளங்கள் காலடியிலேயே கிடக்கின்றன. அலை உடைந்து நுரைத்த வெண்ணீரில்தான் ஷாட் இரை தேடும். விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் அது நாற்பது, ஐம்பது மீட்டருக்குள்ளேயே நிற்பதைப் பார்க்கலாம். மீனைத் தாண்டி வீசிவிட்டு, இன்றைக்குக் கடலில் மீனே இல்லை என்று சொல்லித் திரும்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

எங்கள் தகப்பனார் காலத்தில் கல்கத்தா மூங்கிலில் கோல் கட்டி, அதில் ஸ்கார்பரோ என்னும் பெரிய மரச்சக்கர ரீலைப் பூட்டி மீன்பிடித்தார்கள். அந்த மூங்கிலின் எடையை இன்றைக்கு யாரும் தாங்கமாட்டார்கள். நீளத்தைப் பெருமையாகப் பேசும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் உயரத்துக்கு 12 அல்லது 13 அடி போதும்.

வாரநாள் மீனவர் (மீரபேங்க்)

ஐயாவின் அனுபவத்துக்கு முன்னால் நான் சிறியவன். ஆனாலும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி முடித்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. நீளமான கோலின் பயன் தூரம் மட்டுமன்று. முதல் அலை வரிசைக்கு மேலே நரம்பை, அதாவது தூண்டில் இழையை, தூக்கி நிறுத்துவதற்கும், பாறை விளிம்பில் மீன் சுற்றிக்கொண்டு ஓடும்போது நரம்பு பாறையில் உராயாமல் விலக்கிப் பிடிப்பதற்கும் அந்தக் கூடுதல் இரண்டடி உதவுகிறது. நம் மாகாணமான குவாசுலு-நட்டாலின் கரையில் நெடுங்காலமாக 13, 14 அடிக் கோல்களே புழங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மேலும், இன்று 12 அடி வாங்குகிறவர் அடுத்த கோடையில் திருக்கையும் சுறாவும் பிடிக்க ஆசைப்பட்டு மறுபடியும் கடைக்குப் போவார். அது இரட்டைச் செலவு. ஆகவே சற்றுப் பொறுத்திருந்து, 14 அடிக் கோல் ஒன்றும், அதன் அடிப்பகுதியில் தாழ்வாகப் பூட்டும் மல்டிபிளையர் ரீல் (வீசும்போது நரம்புச் சுருளே சுழலும் வகை) ஒன்றும் வாங்கிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பது என் கருத்து.

அலைமகள் (கேப் டவுன்)

ஒரே கோலில் ஷாட்டும் சுறாவும் பிடிக்கலாம் என்னும் எண்ணம்தான் இரட்டைச் செலவுக்கே வழிவகுக்கிறது என்று நான் சொல்வேன். சுறாவைத் தாங்கும் கோலில் ஷாட் கடிப்பது தெரியாது. ஷாட்டுக்கு ஏற்ற கோலில் பெரிய சுறா மாட்டினால், கோல் பிழைத்தாலும் நரம்பு ஓடும் வளையங்கள் பிழைப்பது அரிது.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இங்கே ஃபால்ஸ் பே கரையில் மியூசன்பெர்க் பக்கம் கடல் வெகு தூரம் ஆழமில்லாமல் பரந்து கிடப்பதால், தூர வீச்சு உண்மையாகவே தேவைப்படுகிறது. அங்கும் நான் 12 அடி 6 அங்குலக் கோலையே வைத்திருக்கிறேன். கடையில் கோலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மொத்த நீளத்தை விட, கோலின் அடி நுனிக்கும் ரீல் உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை. மேலே பூட்டும் ரீலாக இருந்தால், கோலின் அடியை அக்குளில் வைத்துக் கையை நீட்டிப் பாருங்கள். ரீலின் கால், முழங்கையை நேராக்காமலே விரல்களுக்குள் வர வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தக் கோல் உங்களுக்குப் பெரியது. அதை நாள் முழுவதும் வீசினால் தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம். பல கோல்கள் ஆறடி ஆளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

வாங்கியதை வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 13 அடிக் கோல் இரண்டு துண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மீட்டர். சிறிய வண்டியில் முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடிவரை சாய்த்து வைத்தால் சில வண்டிகளில் அடங்கும், சிலவற்றில் அடங்காது. கடைக்குப் போகுமுன் அளந்துகொண்டு போங்கள்.

பட்டறைக் கை (தொங்காட்)

நான் கோல்களுக்கு வளையம் கட்டியும் ஒடிந்த நுனிகளை ஒட்டியும் பழகியவன். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒடிந்து வரும் கோல்களில் மீன் இழுத்து ஒடிந்தவை மிகக் குறைவு. வண்டிக் கதவில் நசுங்கியவை, தாங்கக்கூடிய எடைக்கு மேல் ஈயம் கட்டி வீசியவை, பாறையில் சிக்கிய முள்ளைக் கோலாலேயே இழுத்து விடுவிக்க முயன்றவை ஆகியவையே பெரும்பாலானவை.

நீளத்தைப் பற்றிய வாதம் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது கோலின் மேல் எழுதியிருக்கும் வீச்சு எடை. ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். 4 முதல் 6 அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் 113 முதல் 170 கிராம் வரை என்று பொருள். அந்தக் கணக்கில் இரையும் அடங்கும் என்பதைப் பலர் நினைப்பதேயில்லை. 5 அவுன்ஸ் ஈயத்தோடு பாதி மத்தியை ரப்பர் நூலால் இறுக்கிக் கட்டினால் நீங்கள் வீசுவது ஆறு அவுன்ஸை நெருங்கிவிடும். எடை குறைந்தால் கோல் வளையாது. வளையாத கோல் எதையும் எறியாது, கையின் வேகம் மட்டுமே ஈயத்துக்குப் போய்ச் சேரும். எடை கூடினால், கோல் வளைந்து திரும்புவதற்குள் வீச்சு முடிந்துவிடும்; சில வேளைகளில் கோலும் முடிந்துவிடும்.

மலிவான கோல்கள் சிலவற்றில் 100 முதல் 250 கிராம் வரை என்று அகன்ற எல்லை அச்சிடப்பட்டிருக்கும். எல்லா ஈயத்துக்கும் பொருந்தும் கோல் என்று அதைப் படிக்காதீர்கள். அளந்து பார்க்காமல் எழுதிவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அப்படிப்பட்ட கோலை வாங்கத்தான் வேண்டும் என்றால், எல்லையின் நடுப்பகுதியை விடச் சற்றுக் குறைவான எடையோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

உம்ட்லோட்டியில் அமைதியான நாளில் 4 அவுன்ஸ் போதும். ஷாட்டுக்கு ஈயத்தைத் தரையில் நிறுத்தாமல், கூம்பு ஈயத்தோடு இரையை வெண்ணீரில் மிதந்து நகரவிடும் முறையும் உண்டு. அதற்கு இன்னும் குறைவாகவே வேண்டும். புளூ லகூனில் நிலைமை வேறு. ஆற்று நீர் கடலில் சேரும் இடத்தில் பக்கவாட்டு இழுப்பு கடுமையாக இருப்பதால், வழவழப்பான ஈயம் நிற்காது. மணலைப் பற்றிக்கொள்ளும் கம்பிக்கால் உள்ள ஈயத்தை 5 அவுன்ஸுக்குக் குறையாமல் போட வேண்டும். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், 4 முதல் 6 அவுன்ஸ் என்று எழுதிய, உண்மையில் 5 அவுன்ஸை மகிழ்ச்சியோடு வீசக்கூடிய கோல்தான் உங்களுக்குரியது என்பது தானாகவே விளங்கும்.

பொருளைப் பற்றி: முழுக் கண்ணாடி இழைக் கோல் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும், ஆனால் கனம் அதிகம், நுனி தொங்கும், வீசிய பிறகு நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். உயர்தரக் கார்பன் கோல் இலேசானது, வேகமாக நிமிர்வது, ஆனால் அடிபட்டால் மன்னிக்காது. உங்கள் தொகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டும் கலந்த கோலாகவோ தொடக்கநிலைக் கார்பனாகவோ இருக்கும். தொடங்குகிறவருக்கு அதுவே நல்லது. 'ஹை கார்பன்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கடற்கரையில் பொதுவாக வண்டி ஓட்டுவதற்கு 2002 முதல் தடை இருப்பதால், நிறுத்துமிடத்திலிருந்து எல்லாவற்றையும் நாமே சுமந்து மணலில் நடக்கிறோம். ஆகவே கனத்தையும் கணக்கில் வையுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டர்பனின் கோடை மாலைகளில் இடி எப்போது வரும் என்று தெரியாது; முதல் முழக்கம் கேட்டதும் கோலைக் கீழே சாய்த்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் கோலைப் பூட்டி நிமிர்த்துவதும் அதே அளவு ஆபத்தானது.

இனிக் கடையில் செய்ய வேண்டியவை. கோலை உறையிலேயே பார்த்துவிட்டு வாங்கக் கூடாது. துண்டுகளைப் பூட்டச் சொல்லுங்கள். அடியிலிருந்து ஒரு கண்ணை மூடி நோக்கினால் எல்லா வளையங்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூட்டு உள்செருகி வகையாக (ஒரு துண்டிலிருந்து நீளும் முளை மற்றதற்குள் செருகுவது) இருந்தால், இரண்டு துண்டுகளுக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருப்பது குறையன்று. பயன்பாட்டில் தேயும்போது இறுகுவதற்காகவே அதை விட்டிருக்கிறார்கள். ஆட்டிப் பார்த்தால் டிக் டிக் என்று சத்தம் வரக் கூடாது. ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கத்தையும் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே விரிசல் உண்டு, அந்த விரிசல் உங்கள் நரம்பைக் கத்தியாக அறுக்கும். வளையச் சட்டத்தில் இப்போதே பழுப்பு நிறம் தெரிந்தால், கடல் உப்பு பட்டபிறகு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ரீலைக் கொண்டுபோய்ப் பூட்டி, திருகை இறுக்கி, இடவலமாக அசைத்துப் பாருங்கள். மலிவான கோல்கள் முதலில் தோற்பது இந்த ரீல் இருக்கையில்தான்.

பிறகு கடைக்காரரை நுனியை இலேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் அடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். மேல் மூன்றில் ஒரு பகுதி எளிதாக வளைந்து, நடுப்பகுதி எதிர்ப்புக் கொடுத்து, அடி அசையாமல் நின்றால் நல்ல கோல். அடிவரை குழைந்து போனால் வைத்துவிடுங்கள். நுனியைக் கூரையில் முட்டியோ தரையில் ஊன்றியோ வளைத்துப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த ஆங்கிலேயரின் கோலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நதிமுகம் (டர்பன் நார்த்)

பேரங்காடியில் உள்ள செருகு கோலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது வேண்டாம். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் மணல் புகும். புகுந்தால் ஒன்று நீளாது, அல்லது மடங்காது. குழந்தைகளோடு துறைமுகத்துக்குள் அமைதியான நீரில் சிறு மீன் பிடிக்க மட்டும் உதவும்.

புதுத்தூண்டில் (உம்லங்கா)

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆங்கிலேயரின் கோலை நேற்று மாலை பார்த்தேன். 12 அடி, இரண்டு துண்டு, 4 முதல் 8 அவுன்ஸ் என்று எழுதியிருக்கிறது. வளையங்களைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன்; எங்கும் மாட்டவில்லை. ரீல் இருக்கை மிக மேலே இருக்கிறது. கோலைத் தூக்கினால் முன்பக்கம் கனமாகத் தெரிகிறது. அவர் இதைக் கொண்டு வடகடல் ஓரப் பாறைக் கரைகளில் காட் மீன் பிடித்ததாகச் சொன்னார். விலை 600 ராண்டு என்பதால் மனம் அதிலேயே நிற்கிறது. மீதித் தொகைக்கு நல்ல ரீலாக வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

பட்டறைக் கை (தொங்காட்)

நேர்மையான கோல்தான், உங்களுக்குரியது அன்று. பிரிட்டனின் கரடுமுரடான பாறைக் கரைகளில், ஈயம் கற்களுக்குள் மாட்டிக்கொள்ளும் இடங்களில், மீனையும் கடற்பாசியையும் சேர்த்து மேலே இழுத்துத் தூக்குவதற்கென்று செய்த முரட்டுக் கோல்களில்தான் 8 அவுன்ஸ் என்ற மேல் எல்லை போடுவார்கள். அது 6 அவுன்ஸில்தான் உயிர் பெறும். நீங்கள் 4 அவுன்ஸ் ஈயத்தோடு உம்ட்லோட்டியில் வீசினால், கோல் வளையாமல் தடியாக நிற்கும். வீச்சின் உணர்வு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கைக்குக் கற்றுக்கொடுக்காது. தொடக்கத்தில் அதுதான் பெரிய இழப்பு. பழகியவர் கையில் விறைத்த கோல் தூரம் போகும். பழகாதவர் கையில் சற்று இளகிய கோலே தூரம் போகும்.

ரீல் இருக்கை மேலே இருப்பது குறையன்று. பிரிட்டனில் வலக்கைக் கட்டைவிரலால் ரீலை அழுத்திக்கொண்டு வீசுவார்கள். அதனால் மல்டிபிளையரையும் மேலேயே பூட்டுகிறார்கள். இங்கே மல்டிபிளையரை அடியில் பூட்டி இடக்கைக் கட்டைவிரலால் அழுத்தி வீசுவது வழக்கம். மேல் இருக்கையில் கிரைண்டர் ரீல் (வீசும்போது சுருள் சுழலாமல் நிற்கும் வகை) நன்றாகவே பொருந்தும்.

600 ராண்டுக்கு அதை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. கோடையில் திருக்கைக்கும் சிறு சுறாவுக்கும் அது நல்ல கோல். ஆனால் அதை இரண்டாவது கோலாக எண்ணி, தொகை மிஞ்சினால் மட்டும் வாங்குங்கள். மிஞ்சாவிட்டால், வாரநாள் மீனவர் வாங்கிக்கொள்வார்.

வாரநாள் மீனவர் (மீரபேங்க்)

600 ராண்டு என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், ஆங்கிலேயரிடம் சொல்லி வையுங்கள்.

நீளத்தில் நான் ஓரடி இறங்கி வருகிறேன், 13 அடி ஆகட்டும். ரீல் விஷயத்தில் இறங்க மாட்டேன். மல்டிபிளையரில் நரம்பு முறுக்கேறுவதில்லை, பெரிய மீனை இழுக்கும்போது கைப்பிடிக்கும் சுருளுக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கிறது, பழுதுபார்ப்பதும் எளிது. முதலிலேயே பழகிவிட்டால் பிறகு மாற வேண்டிய அவசியம் இல்லை.

தென்கரை முதியவர் (ஐசிப்பிங்கோ)

மல்டிபிளையரின் பெருமை அனைத்தும் உண்மையே. ஆனால் ஈயம் வேகம் குறைந்த பிறகும் சுருள் அதே வேகத்தில் சுழன்றால் நரம்பு சிடுக்காகிவிடும் என்பதும் உண்மை. அதை அடக்கும் கட்டைவிரல் ஒரு குளிர்காலத்தில் வந்துவிடாது. ஷாட் கடிப்பது விடியலில் சிறிது நேரம்தான். அந்த நேரத்தை டார்ச் வெளிச்சத்தில் சிடுக்கு எடுப்பதில் கழித்தவர் மறு வாரம் வர மாட்டார். கிரைண்டரில் வளைக்கம்பியைத் திறந்து, நரம்பை ஒரு விரலில் பிடித்து வீசினால் முடிந்தது. எதிர்காற்று பலமாக அடிக்கும்போது வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

தம்பி, 6000 முதல் 8000 அளவுக்குள் ஒரு கிரைண்டர் பாருங்கள், அதில் 0.40 மில்லிமீட்டர் நைலான் நரம்பு 250 மீட்டராவது கொள்ள வேண்டும். தாங்குருளைகளின் (பேரிங்) எண்ணிக்கையைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பாமல், மீன் இழுக்கும்போது நரம்பு வெளியேறும் இறுக்கத்தை அமைக்கும் இழுவைத் திருகைச் சிறிது தளர்த்தி, நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வர வேண்டும். மொத்தத் தொகையில் கோலுக்கும் ரீலுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டு, நரம்புக்கும் ஈயத்துக்கும் முள்ளுக்கும் 400 ராண்டாவது ஒதுக்கி வையுங்கள்.

அனுமதிச் சீட்டு எடுத்துவிட்டீர்களா? 1998-ஆம் ஆண்டின் கடல்வாழ் வளங்கள் சட்டத்தின்படி பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு அனுமதி கட்டாயம், அஞ்சலகத்தில் எடுக்கலாம். ஷாட் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்குதான். வால் நுனிவரை 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அக்டோபர் முதல் நாளிலிருந்து நவம்பர் 30 வரை ஷாட் பிடிக்கவே கூடாது. ஓர் அளவுநாடாவை ஈயப் பையிலேயே போட்டு வையுங்கள்.

அலைமகள் (கேப் டவுன்)

பழைய கோல் வாங்கலாமா என்னும் கேள்வி பொதுவாகவே இங்கு அடிக்கடி வருவதால் ஒரு குறிப்பு. ரீலைப் பழையதாக வாங்குவதை விடக் கோலைப் பழையதாக வாங்குவது ஆபத்துக் குறைந்தது. ரீலுக்குள் உப்பு என்ன செய்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. கோலில் இருக்கும் குறைகள் பெரும்பாலும் கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்துவிடும். நுனியிலிருந்து அடிவரை நகத்தை ஓட்டிப் பாருங்கள். கார்பனில் அடிபட்ட இடம் சிறு பள்ளமாகவோ, வெளிறிய கீறலாகவோ இருக்கும். அது மூட்டுக்கு அருகில் இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நுனியில் ஒரு சாண் ஒடிந்து, புது நுனி வளையம் ஒட்டப்பட்டிருந்தால், அந்தக் கோல் இப்போது முன்னைவிட விறைப்பானது. மேலே எழுதிய எடை இனிப் பொருந்தாது.

புதுத்தூண்டில் (உம்லங்கா)

சனிக்கிழமை கடைக்குப் போய் வந்தேன். இரண்டு கோல்களைப் பூட்டிப் பார்த்தேன். முதலாவதில் மூன்றாவது வளையம் கோட்டிலிருந்து விலகி நின்றது. கடைக்காரரிடம் காட்டியபோது அவரே திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிட்டார். இரண்டாவது, 13 அடி, இரண்டு துண்டு, 4 முதல் 6 அவுன்ஸ், தொடக்கநிலைக் கார்பன். அதை வளைத்துப் பார்த்தபோது பட்டறைக் கை அண்ணா எழுதியபடியே மேல்பகுதி வளைந்து அடி நின்றது. 7000 அளவுள்ள கிரைண்டர் ரீலும் சேர்த்து 2,550 ராண்டு ஆனது. வண்டியில் முன்னிருக்கையைச் சாய்த்தால் குறுக்காக அடங்குகிறது. ஆங்கிலேயரின் கோலை மீரபேங்க் அண்ணன் எடுத்துக்கொள்ளலாம். தொடர்பு விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

ஒரே ஓர் ஐயம். மெல்லிய நரம்பின் முன்னால் தடித்த நரம்பு ஒன்றைக் கட்ட வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம், அந்த முடிச்சு வளையங்களில் மாட்டாதா?

பட்டறைக் கை (தொங்காட்)

கட்டத்தான் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வீச்சின் உச்சத்தில் ஈயம் நரம்பை இழுக்கும் வேகம் 0.40 நரம்பைச் சில வேளைகளில் அறுத்துவிடும். அறுந்த ஈயம் எந்தத் திசையில் பறக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. விடுமுறை நாளில் புளூ லகூனில் உங்களுக்கு இருபுறமும் ஆட்கள் நிற்பார்கள். ஈயத்தின் ஒவ்வோர் அவுன்ஸுக்கும் 10 பவுண்டு தாங்கும் வலிமை என்பது நெடுநாள் கணக்கு. 5 அவுன்ஸுக்கு 50 பவுண்டு, அதாவது 23 கிலோ. நைலானில் அது 0.70 மில்லிமீட்டர் அளவில் வரும். 6 அவுன்ஸ் போடும் நாளுக்கும் சேர்த்து 60 பவுண்டாகவே கட்டிவிடுங்கள்.

நீளம், வீசுவதற்காக ஈயத்தைத் தொங்கவிட்ட நிலையில், தடித்த நரம்பு கோல் முழுவதும் ஓடி ரீலில் ஐந்தாறு சுற்று சுற்றியிருக்க வேண்டும். உங்கள் கோலுக்கு எட்டு அல்லது ஒன்பது மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சைச் சிறியதாகப் போட்டு, எச்சிலால் நனைத்து இறுக்கி, வால்களை ஒட்ட வெட்டுங்கள். ரீலில் அந்த முடிச்சைச் சுருளின் பின்பக்க விளிம்பை ஒட்டி விழும்படி சுற்றிக்கொண்டால், வீசும்போது மேலேயுள்ள நரம்பு அதில் தட்டாது. முடிச்சை விரலால் தடவி, சொரசொரப்பாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறை போகுமுன்பும் பாருங்கள். அப்படி இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

மூட்டின் உள்செருகிப் பகுதியில் மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரித்து, வளையங்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரிக்காமல் வைத்த கோல்களை உருவித் தருவதற்கு என் பட்டறையில் வரிசையே நிற்கிறது.

தென்கரை முதியவர் (ஐசிப்பிங்கோ)

ஞாயிறு விடியலில் உம்ட்லோட்டியில் கடல் ஏற்றம் தொடங்கும் வேளைக்கு வாருங்கள் தம்பி, நானும் வருகிறேன். மத்தி நான் கொண்டுவருகிறேன். நீங்கள் 4 அவுன்ஸ் ஈயம் ஐந்தாறு எடுத்து வாருங்கள், பாறை இரண்டு மூன்றையாவது வாங்கிக்கொள்ளும்.